ஆறாவது நிலா

ரோஸ்லின் பியாசெக்கி ஒரு தாளைக் கொண்டுவந்து ஆல்டன் மேக்ரூடரின் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். தாளைப் பார்க்கும் முன்பே, அவள் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதே ஆல்டனுக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே மாடியில் வேலை பார்க்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் லிஃப்டோடும், காபி மெஷின் மக்கர் பண்ணினால் காபி மெஷினோடும் பேசுகிறவள் அவள்.

தாள் முழுக்கக் கறுப்பு வானம். நடுவில் புளூட்டோவும் அதன் பெரிய நிலா சாரோனும் இரண்டு வெள்ளைப் பொட்டு. சின்ன நிலாக்கள் நாலும் நாலு புள்ளி. பின்னால் நட்சத்திரங்கள், ரவையைக் கைதவறிக் கொட்டின மாதிரி. அதற்கு நடுவே ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஆல்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே பிடித்தான். வட்டத்துக்குள் ஒரு மங்கல். இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இருந்தது.

"மூணு நாள் படத்துலயும் இருக்கு," என்றாள் ரோஸ்லின். "நகருது. நிலா நகர்ற மாதிரியே நகருது."

"எந்தப் பக்கம்?"

"சாரோனுக்கு உள்பக்கம். நாம போற வழிக்குக் கிட்ட."

அது 2015ஆம் வருஷம், ஜூன் மாதக் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. அவர்களுடைய ஆய்வகம் செய்து அனுப்பிய விண்கலம், ஒரு பெரிய பியானோ அளவுதான் இருக்கும், ஒன்பதரை வருஷம் ஓடி புளூட்டோவை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரம். அது கிளம்பின வருஷமே புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து இறக்கி, குறுங்கோள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகப் பாதி வழியில் திரும்பி வா என்று கலத்தைக் கூப்பிட முடியுமா? அதில் பிரேக் கிடையாது. வினாடிக்குப் பதினாலு கிலோமீட்டர் வேகத்தில் போய், பார்க்கிறதைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு, நிற்காமல் கடந்து போய்விடும். ஒரே ஒரு வாய்ப்பு.

அந்த வேகத்தில் ஓர் அரிசி மணி அளவு கல் மோதினாலும் கலம் அதோடு தீர்ந்தது. அந்த அரிசி மணியைத் தேடுவதுதான் ரோஸ்லின் வேலை. புதுசாக ஒரு நிலா இருந்தால் அதிலிருந்து உதிர்ந்த தூசியும் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் என்பது கணக்கு. அதனால் நிலாவைத் தேடுவாள், வளையத்தைத் தேடுவாள், எதுவும் கிடைக்காமல் இருக்கவேண்டும் என்று எல்லோரும் அவளை வாழ்த்துவார்கள். ஆல்டன் வேலை வேறு. கலத்தின் கேமரா எந்த வினாடி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று திட்டம் எழுதுகிறவன் அவன். கடந்து போகும் அந்த ஒன்பது நாளுக்கு வினாடி வினாடியாக ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தான். அதில் அவனுக்குச் செல்லப் பிள்ளை நிக்ஸ். புளூட்டோவின் சின்ன நிலாக்களில் ஒன்று. அதை அதுவரை யாரும் புள்ளியாகத் தவிர வேறு எப்படியும் பார்த்ததில்லை.

ரோஸ்லின் காட்டின மங்கல் நிஜமாகவே நிலா என்றால் கலத்தை மாற்றுப் பாதையில் திருப்பவேண்டும். மாற்றுப் பாதையில் கலம் தன் பெரிய வட்டத் தட்டு ஆன்டெனாவை முன்னால் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு போகும். அப்படிப் போனால் கேமரா நினைத்த பக்கம் திரும்ப முடியாது. நிக்ஸ் கிடையாது. நல்ல படங்களில் பாதி கிடையாது.

ஆல்டன் தாளைக் கீழே வைத்தான்.

"இது பேய்," என்றான்.

கேமராக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். படத்தில் எங்கேயோ இருக்கிற பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் வெளிச்சம், லென்சுக்குள் பட்டுத் திரும்பி, வேறோர் இடத்தில் மங்கலாக விழும். இல்லாத ஒன்று இருப்பது போலத் தெரியும்.

ரோஸ்லின் தாளை எடுத்துக்கொண்டாள். "நீ வேற என்ன சொல்லுவ? உன் படம் போயிடுமே."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஆல்டன் அன்று சாயங்காலம் வரை ஒரு வேலையும் பார்க்கவில்லை.

அவனுக்கு அது சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆல்டனின் மனைவி லெனோர் கலம் கிளம்பின நாலாவது வருஷம் இறந்துபோனாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார்கள். ரோஸ்லின் மட்டும் ஒரு பெரிய தட்டு நிறைய, முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டி வேகவைத்ததைக் கொண்டுவந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். ரொட்டி நறுக்கக் கத்தியை எடுத்தவள், "இதை வெச்சு வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது," என்று திட்டிவிட்டு, வீட்டிலிருந்த கத்தி அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்துவிட்டுப் போனாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. அன்று வந்தவர்களில் ஆல்டனுக்கு நினைவிருப்பது அவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து நண்டு சாப்பிடப் போவது வழக்கமானது. ரோஸ்லின் பால்டிமோர் பக்கம் டண்டாக்கில் பிறந்து வளர்ந்தவள். விவாகரத்தாகிப் பதினைந்து வருஷம், ஒரே மகள் கல்யாணமாகிச் சிகாகோவில். எண்பத்தி நாலு வயது அப்பா காசிமிர், இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவளுடனேயே இருந்தார். ஆல்டனுக்கு மேற்கே மலைப்பக்கம். நண்டை உடைக்கத் தெரியாது. ஒரு நண்டை அவன் முடிப்பதற்குள் அவள் நாலு முடிப்பாள். பேசிக்கொண்டே, அவனைப் பார்க்காமலே, சதையை எடுத்து மேசையில் விரித்த தாளில் அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பாள். "மலைக்காரனுக்கு நண்டு எதுக்கு? ஒரு உருளைக்கிழங்கு வாங்கித் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே," என்பாள். இதெல்லாம் என்னவென்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. ஆல்டனுக்கு மட்டும் ஒரு வருஷமாகத் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்டவள் தன்னைப் பொய் சொல்கிறவன் என்று நினைத்துவிட்டாளே என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினான். வீட்டு வாசலில் காரை நிறுத்தின பிறகுதான் அவள் சொன்னதை நிதானமாக யோசித்தான். பேய் என்று எப்படிச் சொன்னேன்? தாளைப் பார்த்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த நட்சத்திரம், எந்தக் கோணம், ஒன்றையும் பார்க்கவில்லை. நிக்ஸ் போய்விடுமே என்ற பயம் முதலில் வந்தது, பேய் என்ற பதில் அதற்குப் பின்னால் வந்தது. அவள் சொன்னது சரி.

மறுநாள் மிரியம் ஹாலக் கூட்டம் போட்டாள். மொத்தத் திட்டத்துக்கும் தலைவி அவள். குள்ளமான பெண்மணி, கூட்டத்தில் உட்கார்ந்தால் ஒரு டப்பா நிறையக் கேரட் வைத்துக்கொண்டு கடிப்பாள். பேசுகிறவர்கள் தப்பாக ஏதாவது சொன்னால் அந்தக் கடிக்கும் சத்தம் நின்றுவிடும். ரோஸ்லின் மூன்று நாள் படங்களையும் திரையில் போட்டுக் காட்டினாள். கொலராடோவில் இருந்த இன்னொரு குழுவுக்கும் அனுப்பியிருந்தாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அவர்களிடமிருந்து பதில் வந்திருந்தது. கேரட் சத்தம் நின்றது.

பாதையை மாற்றுவதானால் அடுத்த செவ்வாய்க்குள் கட்டளை அனுப்பியாகவேண்டும், அதற்குப் பிறகு எரிபொருள் காணாது என்று பாதைக்காரர்கள் சொன்னார்கள். மிரியம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆல்டன்மேல் பார்வையை நிறுத்தினாள்.

"கேமராவைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். ரோஸ்லின் மட்டும் தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட கேக்காதீங்க," என்றான் ஆல்டன். "அது பேயா இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அதனால என் கண்ணை நானே நம்பல. பியாசெக்கி என்ன சொல்றாளோ அதுதான்."

ரோஸ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சமாதானம் இருந்ததா, சந்தேகம் இருந்ததா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அன்றும் மறுநாளும் அவன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் பண்ணினான். மாற்றுப் பாதைக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் அது எப்போதோ பொதுவாக எழுதினது. ரோஸ்லின் வட்டம் போட்ட அதே இடத்தில் நிஜமாகவே ஒரு நிலா இருந்தால் கேமரா எப்படித் திரும்பவேண்டும், எதை விடவேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்று முதலிலிருந்து எழுதினான். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகக் கூடாது என்று பட்டது. நிக்ஸ் இருந்த பக்கங்களை அடிக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ரோஸ்லின் அவன் கதவைத் தட்டாமல் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கையிலிருக்கும் படங்களை வைத்து இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். புளூட்டோவுக்குப் பின்னால் அந்தப் பக்கம் பால்வீதி நட்சத்திரக் கூட்டம். எந்த நட்சத்திரத்தின் பேய் என்று தேடினால் நூறு பேர் கை தூக்குகிறார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேமராவை ஒரு மயிரிழை திருப்பி, அதே இடத்தை மறுபடி படம் எடுக்கவேண்டும். நிலாவாக இருந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே அது இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும். பேயாக இருந்தால் எங்கேயோ தாவிவிடும்.

ஆனால் கலத்துக்கு ஒரு வினாடிகூட ஓய்வில்லை. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஆள் இருந்தது. யாராவது தன் நேரத்தை விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அதைக் கேட்பதற்கு அவள் வாயெடுக்குமுன் ஆல்டன் தன் அட்டவணையைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான்.

"நாளைக்கு மத்தியானம் இருபது நிமிஷம். நிக்ஸ் எப்படிச் சுத்துதுன்னு பாக்கறதுக்கு வெச்சிருந்தேன். எடுத்துக்கோ."

"இதுக்காக நீ மூணு மாசம் சண்டை போட்டியே."

"போட்டேன். யார்கூட போட்டேனோ அவன்கிட்ட சொல்லிடாத, சிரிப்பான்."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று அவன் சொன்னான். சரியாகவே இருந்தாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். பிறகு இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு கட்டளையை எழுதினார்கள். அதை மூன்று பேர் சரிபார்த்தார்கள், கலத்தின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தார்கள், மிரியம் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கட்டளை கிளம்பியது. வெளிச்சத்தின் வேகத்தில் போனாலும் அங்கே சேர நாலரை மணி நேரம். படம் திரும்பி வர இன்னொரு நாலரை. சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் தெரியும். திரை முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதில் பிரயோஜனமில்லை என்று ரோஸ்லின் கார்ச் சாவியை எடுத்தாள்.

மிடில் ரிவர் கரையில் அவர்கள் எப்போதும் போகிற கடை. மேசையில் பழுப்புத் தாளை விரித்து, மசாலா அப்பின நண்டை அதன்மேல் அப்படியே கொட்டிவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு மரச் சுத்தியல். அன்று ரோஸ்லின் ஒரு நண்டை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். முதல் தடவையாக ஆல்டன் அவளுக்கு முன்னால் ஒன்றை முடித்தான். முடித்துவிட்டு, சதையில் ஓடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அவள் பக்கம் தள்ளினான்.

அவள் அதைச் சாப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அது நிலாவா இருக்கணும்னு எனக்கு ஆசை."

ஆல்டன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"ஒம்பது வருஷமா ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுக்கறதுதான் என் வேலை. ஒண்ணும் இல்லாம இருந்தா எல்லாரும் கை தட்டுவாங்க. ஒரு தடவையாவது ஏதாவது இருக்கட்டுமேன்னு இருந்துச்சு. உன் படமெல்லாம் போனாலும் பரவாயில்லைன்னு தோணிச்சு. அந்த அளவுக்கு ஆசை. உன்னைச் சொன்னேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு?"

"உனக்கு நிலா வேணும், எனக்குப் பேய் வேணும். நல்ல ஜோடிதான்," என்றான் ஆல்டன்.

சொன்ன பிறகு அந்தக் கடைசி வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. முகம் சிவந்துபோய், அதை மறைக்க, வாயில் வந்ததைப் பேசினான். தன் வீட்டில் மூன்று அறை சும்மா கிடக்கிறது என்றான். காசிமிருக்குக் கீழ் அறையைக் கொடுத்துவிடலாம், படி ஏறவேண்டாம் என்றான். வேலைக்குப் போகிற தூரமும் அவளுக்குப் பாதியாகக் குறையும் என்றான்.

ரோஸ்லின் நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தாள். "வாடகைக்குக் கூப்பிடறியா, கல்யாணத்துக்குக் கூப்பிடறியா? கேமராவுக்கு மட்டும் வினாடிக் கணக்குல எழுதத் தெரியுதுல்ல? தெளிவா சொல்லு."

"கல்யாணத்துக்கு."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தடதடவென்று நண்டு உடைத்துக்கொண்டிருந்தது. ரோஸ்லின் காகிதக் கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"இன்னைக்கு வேணாம், மேக்ரூடர். இன்னைக்கு ஒரு சந்தேகம் போதும். சொல்றேன். மூஞ்சியை அப்படி வெச்சுக்காத, ஓடியா போயிடப் போறேன்?"

அப்புறம் அவள் பழைய வேகத்தில் உடைக்க ஆரம்பித்தாள்.

ஐந்தே முக்காலுக்குப் படம் இறங்கத் தொடங்கியது. மிரியம் வந்திருந்தாள். பாதைக்காரர்கள் வந்திருந்தார்கள். சனிக்கிழமையும் அதுவுமாகப் பதினைந்து பேர் ஒரு சின்ன அறையில் நின்றார்கள். வரி வரியாகக் கறுப்பு வந்தது, நட்சத்திரங்கள் வந்தன, புளூட்டோ வந்தது. ரோஸ்லின் பழைய படத்தை அதன்மேல் பொருத்தி, நட்சத்திரங்களைக் கழித்தாள்.

வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. மங்கல், படத்தின் எதிர் மூலைக்குப் பக்கத்தில் போய் விழுந்திருந்தது. அவள் அங்கிருந்து படத்தின் நடு வழியாக ஒரு கோடு இழுத்தாள். கோடு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் போய் முடிந்தது.

"பேய்," என்றாள் ரோஸ்லின். "வழி சுத்தம். பாதையை மாத்த வேண்டாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ ஒருவன் ஆல்டனின் முதுகில் ஓங்கி அறைந்தான். மிரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லினைக் கட்டிப் பிடித்தாள். ரோஸ்லின் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், கணினியை ஒழுங்காக மூடினாள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆல்டன் பின்னாலேயே போனான்.

அவள் கார் நிறுத்தத்தில், தன் காரில் ஏறாமல், ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆல்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பேர்கூட வெச்சிருந்தேன்," என்றாள் அவள்.

"என்ன பேரு?"

"சொல்ல மாட்டேன். இல்லாத ஒண்ணுக்கு எதுக்குப் பேரு?"

அவன் வற்புறுத்தவில்லை. என்ன சொல்வது என்று யோசித்தான். நீதான் கண்டுபிடித்தாய், நீதான் காப்பாற்றினாய் என்றெல்லாம் சொல்லலாம். அவளுக்கு அதெல்லாம் தெரியும். கடைசியில் எழுந்து தன் கார் வரை நடந்துபோய், பின் சீட்டிலிருந்து ஒரு தடிமனான காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இது என்ன?"

"அது இருந்திருந்தா எப்படிப் போறதுன்னு எழுதினேன். அறுபத்திரண்டு பக்கம். மூணு நாலு நாள் அது எனக்கும் நிஜமாத்தான் இருந்துச்சு."

ரோஸ்லின் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டம் எழுதும்போது அந்த நிலாவை ஏதாவது ஒரு பெயரால் குறிக்கவேண்டியிருந்தது. ஆல்டன் அதிகம் யோசிக்கவில்லை, கைக்கு வந்ததை எழுதிவிட்டான். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: பியாசெக்கியைத் தவிர்த்துச் செல்லும் வழி.

அவள் வாசித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். "பியாசெக்கியிடமிருந்து பாதுகாப்பான தூரம்" என்று ஓர் அட்டவணை. அடுத்த பக்கத்தில், "பியாசெக்கி தெரியும் திசையில் கேமராவைத் திருப்பக் கூடாது." ரோஸ்லினின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று ஆல்டன் பயந்துபோய்க் குனிந்து பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு அது நிஜமாகவே கொஞ்சம் அழுகையாகவும் ஆனது.

"நிக்ஸை அடிச்சிருக்க," என்றாள், நாற்பதாவது பக்கத்தில்.

"அடிச்சேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

அவள் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வெயில் இறங்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்த மிரியம் அவர்களைப் பார்த்துவிட்டு, தன் காருக்கு வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஜூலை பதினாலாம் தேதி காலையில் கலம் புளூட்டோவைக் கடந்தது. கடக்கும்போது கேமராவைத் திருப்புவதற்கே அதற்கு நேரம் போதாது என்பதால் பூமியோடு பேசாது. பத்திரமாகத் தாண்டிவிட்டதா என்று தெரிய ராத்திரி ஒன்பது மணி ஆகும். பகல் முழுக்க ஆய்வகத்தில் கொடியும் கேக்குமாகத் திருவிழாக் கூட்டம். ஆல்டனுக்குக் கேக் இறங்கவில்லை. வழி சுத்தம் என்று சொன்னவள் ரோஸ்லின், அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தபோது அவள் சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீ கேட்டதைத்தான். நான் சரின்னு சொல்லிட்டேன்னும் சொன்னேன்."

ஆல்டன் அவளையே பார்த்தான். "என்கிட்ட இன்னும் சொல்லலையே."

"இப்ப சொன்னேன்ல. அப்பாவுக்குக் கீழ் ரூம் வேணாமாம். மேல ஜன்னல் இருக்கற ரூம்தான் வேணுமாம். படி ஏற முடியாதுன்னு நீ எப்படிச் சொல்லலாம்னு கோவமா இருக்காரு. நேர்ல வந்து மன்னிப்புக் கேளு."

அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கடந்து போனவர்கள் இவனுக்கும் ஒரு சின்னக் கொடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது மணிக்குச் சில நிமிஷம் முன்னால் கலத்திலிருந்து சமிக்ஞை வந்தது. எல்லாம் நலம். அறுநூறு பேர் எழுந்து நின்று கத்தின சத்தத்தில் ஆல்டனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. ரோஸ்லின் கத்தவில்லை. பக்கத்துச் சுவரில் சாய்ந்து, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பனிக்கட்டி மலைகள் வந்தன. இதய வடிவத்தில் வெளுத்துக் கிடந்த பெரிய சமவெளி வந்தது. உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. நிக்ஸின் படம் சில நாள் கழித்து வந்தது. கோணல்மாணலாக, ஒரு பக்கம் சிவப்பாக ஒரு வட்டத் தழும்போடு இருந்தது. ஆல்டன் அதைக் கால் மணி நேரம் பார்த்தான். அழகா இருக்கா என்று ரோஸ்லின் கேட்டாள். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது என்றான். அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆல்டன் வீட்டு மாடியில் காசிமிருக்கு ஒதுக்கின ஜன்னல் அறையில் அவள் மாட்டினாள். காசிமிர் இது என்ன பல்லா என்று கேட்டார்.

அக்டோபரில் எலிகாட் சிட்டி நீதிமன்றத்தில் கல்யாணம். மகள் சிகாகோவிலிருந்து வந்தாள், மிரியம் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். காசிமிர் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டின்போது ஆல்டனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு விஷயம் கேட்டார்.

"தம்பி, அந்த மிஷின் இப்ப எங்க இருக்கு?"

புளூட்டோவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்றான் ஆல்டன். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும், வழியில் வேறொரு சின்னப் பாறையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்றான்.

"அப்புறம்?"

"அப்புறமும் போகும். நிக்காது."

"திரும்பி வராதா?"

"வராது."

காசிமிர் அதை மென்றபடி யோசித்தார். "அதுக்கு வயசு என்ன?"

"பத்து ஆகப் போகுது."

"பத்து வயசுக்கு அவ்வளவு தூரம் தனியா போயிருக்கு," என்றார். பிறகு ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிழவர் பின் சீட்டில் தூங்கிவிட்டார். வாய் திறந்து குறட்டை வந்தது. ரோஸ்லின் ரேடியோவை நிறுத்தினாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். சாலையோரத்து மேப்பிள் மரங்கள் இலை பழுத்துச் சிவந்திருந்தன. வழி மாறிப் போகிறாய் என்று அவள் சொன்னாள். தெரிந்துதான் போகிறேன், இந்தப் பக்கம் கொஞ்சம் தூரம் அதிகம் என்றான் ஆல்டன். அவள் ஜன்னலை இறக்கிவிட்டாள்.